பூச்சிக்கு வைத்த கராம்பு

எங்கள் வியாபாரத்தில் கடை வாசலில் போர்டு இல்லாத ஆளுக்கு மூட்டை இறக்க மாட்டோம். இன்றைக்கு ஒரு வீட்டில் இருப்பான், நாளைக்கு அந்த வீட்டில் வேறு ஆள் இருப்பான். மூட்டை எங்கே என்று யாரிடம் கேட்பது? அப்படிப்பட்ட நான், வாழ்க்கையில் எழுதிய ஒரே புத்தகத்தைக் கொண்டுபோய் அம்பிட்டியவில் போர்டும் இல்லாத, இருந்து வேலை செய்யக் கந்தோரும் இல்லாத ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். மருமகன் ஷிஹாபின் பேச்சைக் கேட்டு வந்த வினை.

என் பெயர் மர்சூக். கண்டிக்குப் பக்கத்தில் திகனவில் கராம்பும் மிளகும் வாங்கி விற்றவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் முடிந்தது. புத்தகம் எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை. எழுத வைத்தவர் கொழும்புத் தரகர்.

ஒவ்வொரு முறையும் கராம்பு காய்ந்து மூட்டை கட்டியதும் அவர் ஒரே கதையைத்தான் சொல்வார். "ஹாஜியார், இந்த வருஷம் ஸன்ஸிபார்ல வெளச்சல் கூட. வெல விழுந்திட்டு." ஸன்ஸிபாரை அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. ஆப்பிரிக்காப் பக்கம் கடலில் கிடக்கிறதாம். அப்படி ஓர் இடம் இருக்கிறதா, இருந்தாலும் அங்கே கராம்பு மரம் இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். கடையை மருமகன் கையில் கொடுத்த பிறகு, போய்ப் பார்த்துவிட்டே வந்தேன். இன்னொரு உம்ரா போயிருக்கலாமே என்று ஊரில் கேட்டார்கள். மக்கா இருக்கிறது எனக்குத் தெரியும், ஸன்ஸிபார்தான் தெரியாது என்றேன்.

இருக்கிறது. மரமும் இருக்கிறது. பக்கத்தில் பெம்பா என்று ஒரு தீவு, அங்கே இன்னும் அதிகம். ஆனால் அங்கே தெரியவந்த விஷயம் வேறு. அந்த ஊரில் கராம்பு நிறுத்து வாங்குகிற ஒருவன் அந்தச் சனங்களுக்குச் சொல்லும் கதை என்ன தெரியுமா? "இந்த வருடம் சிலோனில் விளைச்சல் கூட. விலை விழுந்துவிட்டது."

இதை அச்சில் போட்டுத் தரகரின் கையில் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதினேன். விமானம், ஹோட்டல், கடல், மீன் சந்தை எல்லாம் சாக்குப் பை. ஏழாம் அத்தியாயம்தான் உள்ளே இருக்கும் சரக்கு.

எழுதியதெல்லாம் தடித்த கொப்பிகளில், என் கையால். வேறு பிரதி கிடையாது. போட்டோக் கொப்பி அடித்துக் கொடுங்கள் மாமா என்றான் ஷிஹாப். கடைக்காரன் ஒன்றுக்கு இரண்டாக அடித்து ஒன்றை வைத்துக்கொண்டால்? அவனுடைய பெயரில் புத்தகம் வந்தால் நான் யாரிடம் போய் அழுவது?

ஆகவே அசலையே எடுத்துப் போனேன். ஆனால் வெறுமனே போகவில்லை. முதல் நாள் பின்னேரம் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு அத்தியாயத்தின் நடுவிலும், தாள் தைத்த பள்ளத்தில், ஒவ்வொரு கராம்பு வைத்தேன். எங்கள் வீட்டு மரத்துக் கராம்பு. பக்கத்தைத் திறந்தால் உருண்டு விழ வேண்டும். விழாமல் இருந்தால் பக்கம் திறக்கப்படவில்லை என்று அர்த்தம். மூட்டையின் அடியைப் பார்க்காமல் மேலே இருப்பதைக் கிள்ளிப் பார்த்துவிட்டு விலை பேசுகிறவர்கள் நிறையப் பேரைக் கண்டவன் நான்.

அந்தப் பெண்ணின் பெயர் சஞ்சீவனி. மஹய்யாவவில் பிறந்து வளர்ந்தவள், தகப்பன் மாநகர சபையில் வேலை பார்த்தவராம். புத்தகங்களைத் திருத்திக் கொடுப்பது தொழில். யாருக்குக் கீழும் வேலை செய்யவில்லை, வீட்டிலேயே மேசை போட்டிருக்கிறாள். ஆட்டோக்காரனுக்கே வழி தெரியாத ஒரு மேட்டில் வீடு.

"வாங்க ஹாஜியார், உக்காருங்க. டீ குடிக்கிறீங்களா?"

"டீ இரிக்கட்டும். இதுல ஒங்கட வேல என்ன மகள்? பிழை திருத்துறதா?"

"அதுவும்தான். ஆனா மொத வாசிப்புல நான் பேனையே தொட மாட்டேன். முழுசா வாசிப்பேன். தோணுறத வேற தாள்ல கேள்வியா எழுதித் தருவேன். நீங்க பதில் சொன்னப்புறம்தான் பென்சில எடுப்பேன்."

"கொப்பில ஒண்டும் எழுத மாட்டீங்க?"

"ஒரு புள்ளி வைக்க மாட்டேன்."

"அப்ப நீங்க வாசிச்சீங்களா இல்லையா எண்டு எனக்கு எப்பிடி வெளங்கும்?"

சிரித்தாள். "கேள்வியப் பாத்தா வெளங்கும்."

கேள்வி யாரும் கேட்கலாம். வாங்க வருகிறவன் மூட்டையைத் தொடாமலே நூறு கேள்வி கேட்பான். நல்ல வேளை கராம்பு வைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன் நம்பர் கேட்டாள். கைபோன் நம்பரைக் கண்டவர்களுக்கும் கொடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. வீட்டு நம்பரைக் கொடுத்தேன்.

பிறகு காத்திருப்பு. நானே அவளுக்கு போனில் கோல் எடுத்துக் கேட்பேன். "நாலாவது அத்தியாயத்துல இருக்கேன் ஹாஜியார்" என்பாள். அடுத்த கிழமை கேட்டாலும் நாலு. நான் அந்தத் தீவையே அதைவிட வேகமாகச் சுற்றியவன். ஒருநாள் கண்டி மார்க்கெட்டில் அவளைக் கண்டேன். நின்று பீட்ரூட் பொறுக்கிக்கொண்டிருந்தாள், ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து. என் புத்தகத்தை வாசிக்க வேண்டிய நேரத்தில் பீட்ரூட் வாசிக்கிறாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டு வந்தேன்.

ஒரு வழியாக வரச் சொன்னாள். கொப்பிகளைத் திருப்பித் தந்தாள், மேலே கேள்வித் தாள்கள். வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய், கண்ணாடிகூடப் போடாமல், ஒவ்வொரு அத்தியாயமாக மெதுவாக விரித்து விரலால் தடவிப் பார்த்தேன்.

ஒன்று. இருக்கிறது. இரண்டு. இருக்கிறது. ஏழு. அதுவும் இருக்கிறது. ஒன்றுகூட விழவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது, உண்மையைச் சொன்னால். நான் நினைத்தது சரி.

பிறகு கேள்வித் தாளை எடுத்தேன். கண்ணாடியைப் போட்டேன். முதல் கேள்வி: "பெம்பாவுக்குப் போகும் படகில் உங்களுக்கு வாந்தி வந்ததாமே. அதை ஏன் எழுதவில்லை?"

வந்தது. வாளி பிடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் அதை நான் எழுதவில்லை. ஒரு இடத்திலும் இல்லை. எழுதாததை அவள் எப்படி வாசித்தாள்?

அடுத்த கேள்வி அதைவிட மோசம். "நாங்கள் ஏறினோம், நாங்கள் இறங்கினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் புத்தகத்தில் உங்களைத் தவிர யாருமே இல்லை. கூடப் போனவர் யார்?"

வேறு யார், என் மனைவி பஸீஹாதான். பத்தாம் வகுப்பு வரை படித்தவள், இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும், அவள் இல்லாமல் நான் விமான நிலையத்தின் வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன். ஆனால் பெண்டாட்டி பெயரை அச்சில் போடுவது நாங்கள் செய்கிற காரியமில்லை. எங்கள் கலியாணக் கார்டிலேயே அவள் பெயர் இல்லை, இன்னாருடைய மகள் என்றுதான் இருந்தது. அதுவே போதுமாக இருந்தது. இந்தப் பெண் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கணக்கு நேராக இருந்தது. கொப்பியைத் திறக்கவில்லை, ஆனால் பயணத்தைப் பற்றித் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"ஷிஹாப், நீ அந்தப் பொம்புளையோட கதைச்சியா?"

"நான் நம்பர் தந்ததோட சரி மாமா."

"டிக்கட் போட்டவன் நீதான்."

"டிக்கட்டுல வாந்தி எழுதி ஈக்குமா மாமா?"

பஸீஹா குசினி வாசலில் இருந்து முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவள்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. வெளி ஆட்களோடு கதைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை என்று நினைத்திருந்தேன்.

மறுநாளே கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு அம்பிட்டியவுக்குப் போனேன். இந்த வேலையை அவளிடமிருந்து எடுத்துவிடுவது என்று முடிவு. வாசல்படியிலேயே தொடங்கினேன்.

"நீங்க ஒரு பக்கம்கூட தொறக்கல்ல மகள்."

"என்னா ஹாஜியார் சொல்றீங்க?"

"கராம்பு. நான் வச்ச எடத்துலயே இரிக்கி. ஒண்டும் அசையல்ல."

அவள் முகத்தில் பயம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. "ஆமா, அசையாமத்தான் வச்சேன். பூச்சிக்கு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"என்ன பூச்சி?"

"தாள் திங்கிற பூச்சி. எங்கம்மா சீலை அலுமாரியில, தேவாரப் புத்தகத்துல எல்லாம் கராம்புதான் போடுவாங்க. நீங்க வேற கராம்பு முதலாளி. அத்தியாயத்துக்கு ஒண்ணுன்னு பாத்துப் பாத்து வச்சிருந்தீங்க. அதனால எடுத்து ஒரு சாசர்ல வச்சிக்கிட்டு வாசிப்பேன், முடிஞ்சதும் அதே எடத்துல திருப்பி வைப்பேன். ஒங்க புத்தகத்த வாசிச்ச மாசமெல்லாம் இந்த மேச பிரியாணி மணந்துச்சு."

நான் உள்ளே போய்க் கொப்பிகளை மேசையில் வைத்தேன்.

"ஒண்ணு மட்டும் கீழ விழுந்து கதிரைக் காலுல நசுங்கிப் போச்சு. ஏழாவது அத்தியாயத்தோடது. எங்க வீட்டு டப்பாவுல இருந்து ஒண்ணு எடுத்து வச்சேன். மன்னிச்சுக்குங்க."

கண்ணாடியைப் போட்டேன். ஏழாம் அத்தியாயத்தைத் திறந்தேன். அல்லாஹ்வே. தலை உடைந்த, சுருங்கின, நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியாத ஒரு துரும்பு அங்கே கிடந்தது. எண்ணெயை எடுத்துவிட்டுச் சக்கையைப் பாக்கெட்டில் போட்டு விற்கிற கராம்பு. என் கடை வாசலுக்கு எவனாவது இதைக் கொண்டு வந்தால் சாக்கோடு திருப்பி அனுப்புவேன். அதை நேற்று நான் விரலால் தடவி, இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். மோந்துகூடப் பார்க்கவில்லை.

"இத எங்க வாங்கின?"

"சூப்பர் மார்க்கெட்ல."

"இதுக்கு ஈர்க்குச்சிய ஒடிச்சி வச்சிரிக்கலாம். பூச்சி இதத் திண்டிட்டு புத்தகத்தையும் திங்கும்."

சிரித்துக்கொண்டே போய் டீ கொண்டுவந்தாள். இந்த முறை குடித்தேன். ஆனால் விடவில்லை.

"வாந்தி வந்த கதைய யாரு சொன்ன?"

"நீங்க குடுத்த நம்பருக்கு கோல் எடுத்தேன். நீங்க தொழுறதுக்குப் பள்ளிக்குப் போயிருந்தீங்க. ஒரு அம்மா எடுத்தாங்க. ஹாஜியார் 'நாங்கள்', 'நாங்கள்'னு எழுதியிருக்காரே, கூடப் போனது யாருன்னு கேட்டேன்." காலிக் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தாள். "அவங்க, 'என்ட பேர் அதுல இல்லையா?'ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன். அதுக்கப்புறம் அவங்களே எனக்கு கோல் எடுக்க ஆரம்பிச்சாங்க. நீங்க பள்ளிக்குப் போற நேரமெல்லாம்."

கைபோன் நம்பரைக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

"ஹாஜியார், ஏழாவது அத்தியாயம்தான் இந்தப் புத்தகத்தோட உசிர். ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு. ஆம்பளைங்க எல்லாம் தராசுக்கிட்ட. நீங்களும் அங்கதான் நிக்கிறீங்க, நீங்களே எழுதியிருக்கீங்க. கராம்பு காயப்போடுற முத்தத்துல பொம்பளைங்க மட்டும். சிலோன் வெளச்சல் கதைய சொன்னது அந்தப் பொம்பளைங்க. அது ஒங்க காதுக்கு எப்படி வந்துச்சு?"

"வந்திச்சி. அவ்வளவுதான்."

"நான் விட்டுருவேன். ஒங்க கொழும்புத் தரகர் விடுவாரா? ஹாஜியார் கட்டின கதைன்னு ஒரே வார்த்தையில தள்ளிருவாரு. கேட்டது யாருன்னு போடணும், பேரோட போடணும். இல்லாட்டி அந்த அத்தியாயத்த எடுத்துறலாம்."

மூட்டையைக் கிழிக்காமல் அடியில் கிடப்பதை இழுத்து எடுக்க எங்களிடம் ஒரு குழாய் ஊசி உண்டு, குத்தூசி என்போம். எத்தனையோ பேருடைய மூட்டைக்கு நான் போட்டிருக்கிறேன். இன்றைக்கு வரை எனக்கு யாரும் போட்டதில்லை. கொப்பிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு, யோசிச்சி சொல்றேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

வீட்டில் பஸீஹா எனக்குச் சோறு போட்டாள். ஒன்றும் நடக்காத மாதிரி முருங்கைக்காயை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

"அந்நியப் பொம்புளைக்கிட்ட வாந்தி கதையெல்லாம் சொல்றதா?"

"வந்த தானே?"

"அதுக்காக?"

"நஸ்லியாட வாப்பா, வாளியப் புடிச்சது நான். எனக்கு சொல்ல ஏலும்." மகள் பெயரை வைத்துத்தான் அவள் என்னைக் கூப்பிடுவாள்.

"ஒண்ட பேர அச்சில போட ஏலா. சனம் என்ன சொல்லும்?"

"நம்மட சனம் புத்தகம் வாசிக்கிறா? வாசிச்சா நல்லந் தானே, என்னத்தயும் சொல்லிட்டுப் போகட்டும்." கறிச் சட்டியை மூடினாள். "பேர் போட ஏலாட்டி நான் கேட்டதையும் எடுத்திருங்க. அந்த முத்தத்துல இருந்த பொம்புளைகள் கராஃபூ, கராஃபூ எண்டு சொன்ன. கராம்பத்தான் சொல்றாங்க எண்டு எனக்கு அப்பயே வெளங்கின. அதுல ஒரு படிச்ச பிள்ள என்ட கையப் புடிச்சிக்கொண்டு இங்கிலீஷ்ல சொன்ன, சிலோனாலதான் எங்களுக்கு வெல இல்ல எண்டு. நான் சிலோன்தான் எண்டு சொன்னதும் அவ்வளவு பேரும் சிரிச்ச சிரிப்பு! நீங்க அங்கால தராசுக்காரனுக்கு மண்டைய ஆட்டிக்கொண்டு நிண்டீங்க. அது என்ட சரக்கு. ஒங்கட சாக்குல போட்டு வச்சீக்கீங்க."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பை நானும் கேட்டேன், தராசுப் பக்கத்திலிருந்து. என்ன விஷயம் என்று விளங்காமல், என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தொப்பியைச் சரி செய்துகொண்டேன். அதையும் நான் எழுதவில்லை.

இரண்டு மூன்று நாள் கொப்பியைத் தொடவில்லை. ஏழாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு மற்றதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். விமானம், ஹோட்டல், கடல், மீன் சந்தை. வெறுஞ் சாக்கு. தரகர் அதை வாசித்துவிட்டு, "நல்ல எடங்கள் பாத்தீக்கீங்க ஹாஜியார், இந்த வருஷமும் வெல விழுந்திட்டு" என்பார். அவர் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அஸர் தொழுதுவிட்டு வரும் வழியில் கடையில் ஒரு புதுக் கொப்பி வாங்கினேன். பஸீஹாவின் முன்னால் மேசையில் போட்டேன்.

"நீயே எழுது. நான் வாசிச்சிட்டு அந்தப் பிள்ளைக்கு குடுக்கிறன்."

"நீங்க வாசிக்கிற இல்ல. மொத வாசிப்பு சஞ்சீவனிக்கு."

"என்ட புத்தகம்!"

"ஒங்கட புத்தகம்தான். என்ட அத்தியாயம்."

எழுதினாள். சாப்பாட்டு மேசையில் இருந்து, மத்தியான வேலை முடிந்த பிறகு. நான் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் போனால் முந்தானையை இழுத்துக் கொப்பியின் மேல் போடுவாள். தண்ணீர் குடித்துக் குடித்து வயிறு ஊதியதுதான் மிச்சம். இடையில் ஒருமுறை தனியாகச் சிரித்தாள். வாளிக் கதையாகத்தான் இருக்கும்.

முடித்ததும் பையில் போட்டு என் கையில் தந்தாள். கொப்பியின் ஓரத்தில் ஏதோ கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னத்துக்கு?"

"பூச்சிக்கு" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

திகனவில் பஸ் ஏறினேன். யன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கொப்பியை வெளியே எடுத்து மடியில் வைத்தேன். அட்டையில் பெயர் எழுதுகிற கோட்டில், நல்ல உருண்டையான எழுத்தில், பஸீஹா மர்சூக் என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் இருந்தவன் கழுத்தை நீட்டி அதை வாசித்தான். கையால் மறைத்தேன். குண்டசாலை வரும்போது கை கடுத்தது. எடுத்துவிட்டேன்.

நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். மோந்தும் பார்த்தேன். எங்கள் வீட்டு மரத்தது, தலை உடையாதது. ஒன்று வெளியே தெரிகிறது. உள்ளே எத்தனை, எந்தப் பக்கத்தில், தலை மேலேயா கீழேயா என்பது வைத்தவளுக்குத்தான் தெரியும். நான் கொடுத்துவிட்டு வருவதற்குள் அவள் அம்பிட்டியவுக்கு கோல் எடுத்து, எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று கேட்பாள், நிச்சயம்.

தென்னக்கும்புறப் பாலம் தாண்டியது. கொப்பி மடியில் இருந்தது. நான் திறக்கவில்லை.